இரண்டு நாள் தள்ளிப் பார்த்தபோது

என் மேசை இழுப்பறையில் கோடு போட்ட நான்கு நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. 2021 நவம்பரிலிருந்து ஏறத்தாழ ஒவ்வோர் இரவும் அவற்றில் மூன்று நிரல்களை நிரப்பி வந்தேன். முதல் நிரலில் தேதி, இரண்டாவதில் அன்று செய்த வேலைகள், மூன்றாவதில் அன்றைய உடல்நிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பது. இருபது ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கும் எனக்கு, குழப்பமான எதையும் அட்டவணையாக்கிப் பார்த்தால்தான் மனம் அடங்கும். ஆனால் ஒன்பது மாதங்கள் வரை அந்த அட்டவணை எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. நிறைய வேலை செய்த நாள்களில் ஏழு மதிப்பெண்ணும், ஒன்றுமே செய்யாமல் கிடந்த நாள்களில் இரண்டு மதிப்பெண்ணும் இருந்தன. அதைப் பார்க்கும் எவரும், வேலை செய்தால் இவள் நன்றாக இருக்கிறாள், படுத்தால்தான் இவளுக்கு நோய் வருகிறது என்றே முடிவுகட்டுவார்கள். நானும் அப்படித்தான் முடிவுகட்டினேன். கொரோனாவுக்குப் பின் என்னை விட்டுப் போகாத ஒரு நோயில், அந்த முடிவு எனக்குச் செய்த கெடுதலைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

2021 மே மாதம், இரண்டாம் அலையின் நடுவில், எங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் கொரோனா வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறுக்கும் குலசேகரத்துக்கும் இடையில், சாலையிலிருந்து 36 படிகள் ஏறிப் போக வேண்டிய ஒரு மேட்டில் எங்கள் வீடு இருக்கிறது. எனக்கு வந்தது லேசான தொற்றுதான். ஐந்து நாள் காய்ச்சல், உடம்புவலி, வீட்டுக்குப் பின்புறம் பலாச்சக்கை பழுத்து விழுந்து கிடந்தும் அதன் வாசனை மூக்கில் ஏறாத ஒரு வாரம், அவ்வளவே. ஆக்சிஜன் அளவு ஒரு நாளும் 96க்குக் கீழே இறங்கவில்லை. மாடி அறையில் தனித்திருந்து முடித்து வெளியே வந்தபோது, மருத்துவமனையில் படுக்கை கிடைக்காமல் தவித்தவர்களை எண்ணி, நாம் தப்பித்தோம் என்று மனதார நன்றி சொன்னேன். லேசாக வந்த தொற்றும் நீண்ட நோயாகத் தங்கிவிடக்கூடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வகுப்புகள் செல்பேசி வழியாகவே நடந்ததால் என் நிலைமை எனக்கே வெளிப்படவில்லை. உட்கார்ந்தபடி பாடம் நடத்திவிட்டு, உடனே படுத்துக்கொள்ள முடிந்தது. செப்டம்பர் 1 அன்று ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளிகள் திறந்தன. படி இறங்கி, பேருந்தில் நின்று, ஒரு நாளைக்கு ஐந்து பாடவேளை கரும்பலகையின் முன் நின்று, மீண்டும் படி ஏறி வந்த அந்த முதல் வாரத்தின் முடிவில், என்னால் பல் துலக்கும் தூரிகையைக் கையில் பிடித்து நிறுத்த முடியவில்லை.

சோர்வு என்ற சொல் இதற்குப் போதாது. களைப்பு உழைத்தவருக்கு வருவது. உண்டு உறங்கினால் போய்விடுவது. அதில் ஒரு சுகம்கூட உண்டு. எனக்கு வந்தது உறக்கத்தால் தீரவில்லை. ஒன்பது மணி நேரம் உறங்கி எழுந்தாலும் இரவு முழுவதும் மூட்டை சுமந்தவளைப் போலவே எழுந்தேன். தொண்டையில் லேசான எரிச்சலும், கழுத்தில் நெறி கட்டியது போன்ற வலியும், காய்ச்சல் வரப்போவது போன்ற உணர்வும் இருக்கும். வெப்பமானி எதையும் காட்டாது. குளிக்க நின்றால் நெஞ்சு படபடக்கும், கண் இருளும். எல்லாவற்றையும்விட என்னை நடுங்க வைத்தது மூளையின் மந்தம். பல நூறு முறை கரும்பலகையில் எழுதிய முக்கோணவியல் முற்றொருமை ஒன்றை எழுதத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டேன். அடுத்த உறுப்பு என்ன என்பது என்னிடம் இல்லை. முன்வரிசையில் இருந்த மாணவி மெதுவாகச் சொல்லிக் கொடுத்தாள். அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு எழுதி முடித்தேன். அன்று ஆசிரியர் அறைக்கு வந்து நெடுநேரம் அழுதேன்.

பரிசோதனைகள் தொடங்கின. இரத்த அணுக்கள், தைராய்டு, சர்க்கரை, ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, சிறுநீரகம், கல்லீரல், மார்பு எக்ஸ்ரே, ஈ.சி.ஜி., எக்கோ. வைட்டமின் டி மட்டும் குறைவாக இருந்தது. அதற்கு மருந்து உண்டு, அது நிரம்பியது, நான் அப்படியே இருந்தேன். மற்றவை எல்லாம் நார்மல். அந்தச் சொல்லைக் கேட்டு வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். நான் மட்டும் ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் உடைந்தேன், ஏனென்றால் அந்தத் தாளில் ஏதாவது ஓர் எண் தடித்த எழுத்தில் இருந்திருந்தால் என்னை நம்புவதற்கு மற்றவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். ஒரு மருத்துவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், மனசில் ஏதாவது கவலை இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, எழுந்து நடமாட முடியாத ஒருத்திக்குக் கவலை இருக்காதா? ஆனால் கவலையால் நோய் வந்ததா, நோயால் கவலை வந்ததா என்று அவர் கேட்கவில்லை. மனச்சோர்வுக்கான மாத்திரையை எழுதிக் கொடுத்தார். மனச்சோர்வில் இருப்பவருக்கு எதையும் செய்ய விருப்பம் இராது என்பார்கள். எனக்கோ செய்ய வேண்டியவற்றின் பட்டியல் மனதில் நீண்டுகொண்டே போனது; கைகால்தான் வரவில்லை.

எங்கள் மாவட்டத்தில் இப்படிப்பட்ட நிலையில் யாரும் ஆசானைப் பார்க்காமல் இருப்பதில்லை. என் கணவர் என்னை வர்ம ஆசான் ஒருவரிடம் அழைத்துப் போனார். அவர் நாடி பார்த்து, நெடுநேரம் விசாரித்து, இதில் வர்மத் தாக்கம் எதுவும் இல்லை, இதற்குத் தடவினால் உனக்கு நோவுதான் கூடும் என்று சொல்லி, பணமும் வாங்காமல் அனுப்பிவிட்டார். தன் வித்தையின் எல்லையை அறிந்த அந்த மனிதரை நான் இன்றும் மதிப்போடு நினைக்கிறேன்.

2022 ஜனவரியில் இன்னொரு மருத்துவர் உடற்பயிற்சி சொன்னார். படுத்தே கிடந்ததால் உடம்பு பழக்கம் இழந்துவிட்டது, தினமும் நடங்கள், வாரம் ஒரு முறை தூரத்தைக் கூட்டுங்கள் என்றார். இதைவிட நியாயமான அறிவுரை இருக்க முடியுமா என்று தோன்றியது. காலையில் அரைக் கிலோமீட்டரில் தொடங்கி, முக்கால், ஒன்று, ஒன்றரை என்று கூட்டினேன். நடக்கும்போது நன்றாகவே இருந்தது. சில நாள்களில் உற்சாகமாகவும் இருந்தது. நான்காம் வாரம் படுக்கையில் விழுந்தேன். பிறகு எழுந்து மீண்டும் அரைக் கிலோமீட்டரில் தொடங்கினேன். மீண்டும் விழுந்தேன். ஒவ்வொரு விழுதலுக்குப் பிறகும் நான் எழுந்து நின்ற இடம் முன்பைவிடச் சற்றுத் தாழ்வாக இருந்தது. அதை நான் என் மன உறுதியின் குறை என்றே எடுத்துக்கொண்டேன். சிறு வயதிலிருந்து, முயன்றால் முடியாதது இல்லை என்று கேட்டு வளர்ந்தவள், பல்லாயிரம் பிள்ளைகளுக்கு அதையே சொல்லி வளர்த்தவள், வேறு எப்படி எடுத்துக்கொள்வேன்?

2022 ஜூலை 6, புதன்கிழமை. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 418 ஆண்டுகளுக்குப் பிறகு குடமுழுக்கு. எங்கள் தலைமுறைக்கு முன்னும் பின்னும் யார் பார்க்கப் போகிறார்கள்? பள்ளியில் விடுப்புச் சொல்லிவிட்டு விடியும் முன்பே போய்விட்டோம். மூன்று ஆறுகள் சூழ்ந்த அந்தச் சின்ன ஊருக்குள் அவ்வளவு கூட்டத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. பல மணி நேரம் நின்றேன். 22 அடி நீளத்தில் பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல்கள் வழியாகத்தான் முழுதாகக் காண முடியும். நெரிசலில் எனக்கு ஒரு வாசலின் வழியே திருவடி மட்டும் தெரிந்தது. மனம் நிறைந்து வீட்டுக்கு வந்தேன். அன்று இரவு நோட்டில் எட்டு மதிப்பெண் போட்டேன். வியாழக்கிழமை பள்ளிக்குப் போய் வந்து ஏழு போட்டேன். பெருமாள் கண் திறந்துவிட்டார் என்று மாமியார் சொன்னார், நானும் நம்பினேன். வெள்ளிக்கிழமை காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. அறையின் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. மகள் வாசலில் பேசும் குரல் உடம்பில் வலியாக இறங்கியது. மூன்று வாரம் அப்படியே கிடந்தேன். கழிவறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் சற்றுத் தெளிந்தபோது, படுத்தபடியே நோட்டுகளைப் புரட்டினேன். எட்டு, ஏழு, பிறகு ஒன்று, ஒன்று, ஒன்று. அந்த எட்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் இருந்த இரண்டு நாள் இடைவெளியில் கண் நின்றது. பின்னோக்கிப் போனேன். பிப்ரவரியில் உறவினர் திருமணம், ஞாயிறு, வீழ்ச்சி செவ்வாய். மார்ச்சில் விடைத்தாள் கட்டு ஒன்றை ஒரே அமர்வில் திருத்திய நாள், வியாழன், வீழ்ச்சி சனி. மகளை அழைத்துத் தாள் ஒன்றில் வேலை நிரலை அப்படியே எழுதச் சொல்லி, மதிப்பெண் நிரலை மட்டும் இரண்டு வரிசை மேலே தள்ளி அதன் பக்கத்தில் எழுதச் சொன்னேன். ஒன்பது மாதங்களாக ஒன்றோடொன்று பேசாத அந்த இரண்டு நிரல்களும் இப்போது ஒட்டி நின்றன. வேலை கூடிய ஒவ்வோர் இடத்திலும் மதிப்பெண் விழுந்திருந்தது. இரண்டு அளவுகள் எப்படிச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் ஒட்டுறவு என்ற பாடத்தை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அது என் உடம்பைப் பற்றிப் பேசும் என்று எண்ணியதில்லை. படுத்துக் கிடந்த நாள்களில் இரண்டு மதிப்பெண் விழுந்ததற்குப் படுத்தது காரணம் அல்ல. முந்தாநாள் நன்றாக இருந்ததாக நினைத்துக்கொண்டு செய்த வேலைதான் காரணம்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் அதைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். என்னைப் பத்து நிமிடம் படுக்கவைத்து நாடித் துடிப்பை எண்ணினார். பிறகு சுவரோரம் நிற்கவைத்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணினார். படுத்திருந்தபோது 76 ஆக இருந்த துடிப்பு ஏழாவது நிமிடத்தில் 118 ஆனது. எழுந்து நின்ற பத்து நிமிடங்களுக்குள் 30க்கு மேல் கூடி அப்படியே நிற்பது, நிற்கும் நிலையைத் தன்னியக்க நரம்புகள் தாங்க முடியாமல் தடுமாறுவதன் அடையாளம் என்று விளக்கினார். கொரோனாவுக்குப் பின் நீளும் நோய்க்கு உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறை வகுத்ததையும், என்னிடம் காணப்படுவது அதனுள் ஒரு வகை, நாட்பட்ட சோர்வு நோய்க்கூறு என்று பல ஆண்டுகளாக அறியப்பட்டதோடு ஒத்துப்போகிறது என்பதையும் சொன்னார். பதினைந்து மாதங்களில் முதன்முறையாக என் நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது. மருந்து எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் அன்று படி ஏறும்போது, நடுவில் நான்கு முறை உட்கார்ந்து ஏறியபோதும், மனம் லேசாக இருந்தது.

இந்த நோயின் அடையாளமே அந்த இரண்டு நாள் தள்ளிய வீழ்ச்சிதான். உடலாலோ மூளையாலோ தன் எல்லையை மீறி உழைத்தபின், பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து, எல்லாக் குறிகளும் ஒன்றாக முற்றி, நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் நீடிக்கும். 2015இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை, ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கும் கடும் சோர்வோடு இந்த வீழ்ச்சியும், புத்துணர்வு தராத உறக்கமும் கட்டாயம் இருக்க வேண்டும் என்றும், அவற்றோடு சிந்தனைக் குழப்பமோ நிற்கும்போது உண்டாகும் தடுமாற்றமோ ஒன்றாவது இருக்க வேண்டும் என்றும் வகுத்தது. உடற்பயிற்சிச் சோதனையை அடுத்தடுத்த இரண்டு நாள்களில் செய்துபார்த்த ஆய்வுகளில், முதல் நாள் ஓரளவு நன்றாகச் செய்த நோயாளிகளின் திறன் இரண்டாம் நாள் குறைந்திருந்தது. உடற்பழக்கம் இல்லாததால் தளர்ந்தவருக்கு அப்படிக் குறைவதில்லை. 2024 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள், நீண்டகாலக் கொரோனா நோயாளிகள் 25 பேரின் தொடைத் தசையிலிருந்து பயிற்சிக்கு முன்பும் பயிற்சிக்கு மறுநாளும் திசுக்களை எடுத்துப் பார்த்து, உழைப்புக்குப் பிறகு தசைகளில் சேதமும், உயிரணுக்களின் ஆற்றல் உற்பத்தியில் குறைபாடும் கூடியிருந்ததைக் காட்டினார்கள். அதைப் படித்த இரவு, என் நடைப்பயிற்சி நாள்களை நினைத்து எனக்கு உறக்கம் வரவில்லை.

இது புதிய நோயும் அல்ல. 1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் இருநூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் இத்தகைய நோயில் விழுந்து, மருத்துவமனையையே மூட நேர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1970இல் இரண்டு மனநல மருத்துவர்கள், அந்த நோயாளிகளை நேரில் பரிசோதிக்காமல் பழைய கோப்புகளைப் பார்த்தே, அது பெண்களிடையே பரவிய ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். அந்தக் கருத்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக மருத்துவர்களின் மனதில் தங்கிவிட்டது. நடையைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையை இந்த நோய்க்கு இனி அளிக்கக் கூடாது என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில்தான் அறிவித்தது. எனக்கு அந்த நடை சொல்லப்பட்டது அதற்கு மூன்று மாதம் கழித்து. யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஓர் அறிவிப்பு லண்டனிலிருந்து இங்கே வந்து சேரும் வேகத்துக்கும், ஒரு வைரஸ் வந்து சேரும் வேகத்துக்கும் இடையில் என்னைப் போல எத்தனை பேர் வாரந்தோறும் நடையைக் கூட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கையில் நெஞ்சு பதறுகிறது.

என்னை மிகவும் பாதித்தது ஆஸ்திரேலியாவின் டப்போ என்ற ஊரில் நடந்த ஆய்வு. வெவ்வேறு தொற்றுகளுக்கு ஆளான 253 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தத் தொற்றுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை: ஒன்று எப்ஸ்டீன் பார் வைரஸ், ஒன்று க்யூ காய்ச்சல், இன்னொன்று கொசு பரப்பும் ராஸ் ரிவர் வைரஸ். ஆறு மாதம் கழித்து 12 விழுக்காட்டினர் சோர்விலிருந்து மீளாமல் இருந்தார்கள். யாருக்கு இப்படி ஆகும் என்பதை வயதோ, ஆண் பெண் என்பதோ, முன்பிருந்த மனநிலையோ தீர்மானிக்கவில்லை. தொற்று வந்தபோது அது எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதே பெரிதும் தீர்மானித்தது. ராஸ் ரிவர் வைரஸ், சிக்குன்குனியா வைரஸின் நெருங்கிய உறவு. இதைப் படித்தபோது நான் நோட்டை மூடி வைத்துவிட்டு, அப்பாவின் தங்கையான மாமியை நினைத்தேன்.

மாமிக்குச் சிக்குன்குனியா வந்தது 2007 மழைக்காலத்தில். ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கும் வேலை அவருக்கு. மரத்தில் கட்டிய சிரட்டைகளில் மழைநீர் தேங்கினால் புலிக்கொசு பெருகும். அந்த ஆண்டு கேரளத்தின் ரப்பர் பகுதிகளிலும் எங்கள் மேற்குப் பகுதிகளிலும் வீட்டுக்கு வீடு ஆட்கள் முடங்கிக் கிடந்தார்கள். மற்றவர்கள் மூட்டுவலியோடு மெல்ல மெல்ல எழுந்துவிட்டார்கள். மாமி எழவில்லை. சில நாள் எழுந்து மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக் காயவைப்பார், முற்றம் பெருக்குவார், பிறகு ஒரு வாரம் திண்ணையில் சுருண்டு கிடப்பார். வேலை செய்ய மடி என்று வீட்டிலேயே பேச்சு எழுந்தது. நேற்று சக்கை வெட்டத் தெரிந்தது, இன்று பால் எடுக்கத் தெரியவில்லையா என்று கேட்டார்கள். அப்போது எனக்கு 26 வயது, வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டு. படித்தவள் என்ற தோரணையோடு, எழும்பி நடந்தால் எல்லாம் சரியாகிவிடும் மாமி என்று நானும் சொன்னேன். ஒரு முறை அல்ல. அவருக்கு வந்தது இதே நோய்தானா என்று இத்தனை ஆண்டுக்குப் பிறகு தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் நான் சொன்ன சொல் எப்படிப்பட்டது என்பதை, அதே சொல்லைப் பிறர் வாயிலிருந்து கேட்டபோது அறிந்துகொண்டேன்.

என் நோயை முதலில் சரியாகப் புரிந்துகொண்டவர் அப்பா. நாற்பது ஆண்டுகள் பால் வெட்டியவர் அவர். மருத்துவர் சொன்னதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, பாதியிலேயே, இது பட்டை மரப்பு அல்லவா என்றார். ரப்பர் மரத்தை ஒன்றுவிட்டு ஒரு நாளோ, இரண்டு நாள் விட்டோதான் வெட்ட வேண்டும். விலை ஏறும் காலத்தில் சிலர் தினமும் வெட்டுவார்கள். மரம் சில நாள் கூடுதலாகவே பால் கொடுக்கும், வெட்டி முடித்து நெடுநேரம் ஆன பிறகும் சொட்டிக்கொண்டிருக்கும், தோட்டக்காரர் மகிழ்வார். பிறகு ஒரு நாள் வெட்டுப் பட்டையில் பால் நின்றுபோகும். “பட்டை மரச்ச மரத்த பின்னும் வெட்டுனா அது தேறாது மக்ளே, வெட்டாம விடணும்” என்றார் அப்பா. எத்தனை நாள் விட வேண்டும் என்று கேட்டேன். மரம் சொல்லும் என்றார். அடுத்த நாளிலிருந்து என் வீட்டார் யாரும் என்னை எழுந்து நடக்கச் சொல்லவில்லை.

இப்போது நான் வாழும் முறையைச் சுருக்கமாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் அது சின்னச் சின்ன வேலைகளால் ஆனது. களைத்த பிறகு ஓய்வெடுப்பது பயன் தராது. களைப்பு வருவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். நன்றாக இருக்கும்போது நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதை இந்த நோய் உள்ளவர்கள் மட்டுமே அறிவார்கள். மணிக்கட்டில் கட்டிய கடிகாரம் நாடித் துடிப்பைக் காட்டுகிறது. மருத்துவர் எனக்கென்று குறித்துக்கொடுத்த 105ஐத் தாண்டினால், எந்த வேலையாக இருந்தாலும், உட்கார்ந்துவிடுகிறேன். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி. அடுக்களையில் உயரமான நாற்காலி. தேங்காய் துருவுவதும் மீன் கழுவுவதும் என் கணவரின் வேலை. 36 படிகளில் பன்னிரண்டாவதிலும் இருபத்துநான்காவதிலும் சிமெண்டுத் திண்ணை கட்டியிருக்கிறோம். விடைத்தாள்களைப் பத்துப் பத்தாகத் திருத்துகிறேன். ஒரு பத்து முடிந்ததும் கண்ணை மூடி அரை மணி நேரம் கிடக்கிறேன். அந்த அரை மணி நேரத்தில் செல்பேசியைப் பார்த்தால் அது ஓய்வாகாது என்பதைப் பல முறை விழுந்த பிறகே கற்றேன். கஞ்சித் தண்ணீரில் கூடுதல் உப்பிட்டுக் குடிப்பது நிற்கும்போது வரும் தடுமாற்றத்தைக் குறைக்கிறது. இது எனக்கு மருத்துவர் சொன்னது. இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் இதைப் பார்த்து உப்பைக் கூட்டிவிட வேண்டாம்.

ஏழு மாதம் நீண்ட விடுப்பில் இருந்தேன். அதில் ஒரு பகுதி ஊதியமில்லாமல் போனது. திரும்பி வந்தபோது மேல்நிலை வகுப்புகளை விட்டுவிட்டு, ஆறு, ஏழாம் வகுப்புகளை ஏற்றுக்கொண்டு, உட்கார்ந்தபடி பாடம் நடத்துகிறேன். கரும்பலகையில் பிள்ளைகள்தான் எழுதுகிறார்கள். அவர்களுக்கு அதில் பெரும் மகிழ்ச்சி.

ஊரார் கேள்விகளுக்குத்தான் இன்னும் பழகவில்லை. “இப்பம் எப்பிடி உண்டு டீச்சர்? பாக்கதுக்கு ஒண்ணும் இல்லியே” என்று அன்போடுதான் கேட்கிறார்கள். திருமண வீட்டில் என்னைப் பட்டுச்சேலையில் பார்த்தவர்கள், அதற்குப் பிந்திய வாரம் நான் பள்ளிக்கு வராததைக் கேள்விப்பட்டுத் தமக்குள் ஏதோ பேசிக்கொள்கிறார்கள். நோயாளியை மக்கள் பார்ப்பது அவர் எழுந்து வர முடிந்த நாளில் மட்டும்தான். வர முடியாத நாளில் அவரை யார் பார்க்கிறார்கள்? அதனால்தான் இந்த நோய் உள்ள ஒருவர் எப்போதும் ஆரோக்கியமாகவே தென்படுகிறார்.

காய்ச்சல் விட்டுச் சில வாரம் சோர்வாக இருப்பவர்கள் இதைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை. கொரோனாவோ டெங்குவோ எதுவானாலும், பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். சோர்வு விடாமல் நீண்டால், இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, காசநோய், இதயக் கோளாறு ஆகியவை இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். அவற்றுக்கெல்லாம் சிகிச்சை இருக்கிறது, அவற்றைத் தவறவிட்டுவிடக் கூடாது. தொற்றால் நுரையீரலோ இதயமோ பாதிக்கப்பட்டவர்களுக்கு மருத்துவர் சொல்லும் பயிற்சி பயன்படும். என் அனுபவத்தை வைத்து அதை அவர்கள் நிறுத்த வேண்டாம். ஆனால் எல்லாம் நார்மல் என்று வந்த பிறகும் நீங்கள் எழ முடியாமல் இருந்தால், ஒரு நோட்டை எடுத்து எழுதத் தொடங்குங்கள். எழுதியதை இரண்டு நாள் தள்ளிப் பாருங்கள். அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

நான் முழுதாகக் குணமாகவில்லை. நான்காவது நோட்டில் ஐந்தும் ஆறுமாகவே மதிப்பெண்கள் இருக்கின்றன. ஒன்றும் இரண்டும் அரிதாகிவிட்டன. எட்டு வந்தால் இப்போது அஞ்சுகிறேன்.

சென்ற ஓணத்தின்போது அப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமி திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து பயறு உடைத்துக்கொண்டிருந்தார். 62 வயதாகிறது. நாங்கள் மடி என்று சொன்ன அந்த ஆண்டுகளைப் பற்றி எங்களில் யாரும் அதன்பின் அவரிடம் பேசியதில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று நான் சொன்னதற்கு மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். எதைச் சொல்கிறாய் என்பது போலப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பயறு உடைப்பதை நிறுத்தவில்லை. சற்று நேரம் கழித்து, அந்தக் காலத்தில் முற்றம் பெருக்கினாலோ சக்கை வெட்டினாலோ அசதி உடனே வருமா, பிறகு வருமா என்று கேட்டேன். பதினெட்டு ஆண்டுகளில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி என்பது அவர் கை நின்ற விதத்தில் தெரிந்தது.

“அண்ணைக்கு ஒண்ணும் தெரியாது மக்ளே” என்றார் மாமி. “மூணாம் நாளாக்கும் வரும்.”